குமுதினி போட்ட நிபந்தனைகள்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் கிருஷ்ணராசாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் தங்கை குமுதினி தேவைக்கு அதிகமாகவே சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று கேட்பாள்.

மனித உரிமையை மதிக்காத அரசுக்கு இந்த நாடு உதவிப் பணம் கொடுக்கக் கூடாது, காணாமல் போனவர்களுக்குப் பதில் சொன்னால்தான் காசு, அதைச் சட்டமாகவே எழுத வேண்டும் என்று ஏழு வருடமாக எங்கள் குழு எம்.பி.மாரின் வாசலில் ஏறி இறங்குகிறது. இந்தச் சனிக்கிழமை ஒரு எம்.பி. அம்மா எங்கள் மண்டபத்துக்கே வருகிறார். அவர் ஆதரித்தால்தான் எங்கள் சட்டமூலம் பாராளுமன்றத்தை எட்டிப் பார்க்கும். இந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை கூட்டத்துக்கு ரோல்ஸ் பொரிக்க மாட்டாளாம்!

கேட்டால், சட்டம் படிக்கிற எங்கள் மகள் கோசிகா டைப் செய்து கொடுத்த தாளை நீட்டுகிறாள். 'சமையல் உதவிக்கான மனித உரிமை நிபந்தனைகள்' என்று தலைப்பு. குழுவில் பெண்களுக்கு இரண்டு இடமாம், சாப்பிட்ட கோப்பையைச் சாப்பிட்டவரே கழுவ வேண்டுமாம். "நிபந்தனை இல்லாமல் உதவி குடுக்கிறது பிழையெண்டு நீங்கள்தானே மேடையில சொன்னனீங்கள்?" என்கிறாள். நான் சொன்னது அரசாங்கத்துக்கு! நான் என்ன அரசாங்கமா? "ஏழு வருசமா குசினிக்குள்ள நிண்டு உங்கட பேச்சைக் கேட்டனான். ஒரு நாளாவது ஒரு பொம்பிளையைப் பேச விட்டனீங்களோ?" விட்டீர்களோ என்றால் என்ன அர்த்தம், மச்சான்? கதவையா பூட்டினோம்? குழுத் தலைவர் சண்முகராசா அண்ணை வேறு, "வீட்டைச் சமாளிக்க ஏலாத ஆளோ அரசாங்கத்துக்கு நிபந்தனை போடுறது?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. கடைசி நிபந்தனைதான் பெரிய அநியாயம்: எம்.பி.யிடம் பேசப் போவது அவளாம். பேச்சு எழுதி, கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கிய நான் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்!

மூத்தவர் என்ற முறையில் கடிதம் கிடைத்த உடனே வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்கோ. அம்மாள் புண்ணியத்தில் உங்கள் வீட்டு அடுப்பாவது நிபந்தனை இல்லாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
உரிமை பறிக்கப்பட்ட உங்கள் மச்சான்,
இராஜேந்திரன்

பி.கு: தபாலில் போடாமலே ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். எல்லா நிபந்தனைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குமுதினி நேற்று மூன்று நிமிடம்தான் பேசினாள். 2009இல் காணாமல் போன உங்கள் தம்பி றமணனைப் பற்றியும், அவன் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைப் பற்றியும் சொன்னாள். எம்.பி. அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து, ஆதரிப்பதாக எழுதிக் கொடுத்தார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். நான் எழுதி வைத்திருந்த பேச்சில் றமணனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, மச்சான்.