ஒட்டக சாரும் உப்பளத்தில் விழுந்த ஒட்டகமும்

உலகத்திலேயே ஒட்டகத்தைப் பற்றி அதிகம் படித்துவிட்டு, ஒட்டகத்தின் பக்கமே போகாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் ஒட்டக சார்தான். சும்மா அளக்கவில்லை. இரண்டு வருஷம் அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவன் நான்.

அப்போது மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி அறை. அதில் பங்குக்கு வந்து சேர்ந்தார் இவர், ஒரு பெட்டி துணியும் பதினோரு பெட்டி குறிப்பு அட்டைகளுமாக. விலங்கியலில் ஆராய்ச்சியாம். எந்த விலங்கு என்று கேட்டேன். "வெலங்கு இல்ல சார், பேரு" என்றார். அன்றைக்கே நான் வேறு அறை பார்த்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். விலங்கியலில் ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைப்பார்கள். அதில் இரண்டாவது சொல், ஒட்டும் உறவும் இல்லாத பிராணிகளுக்குக்கூட ஒன்றாக அமைந்துவிடுவதுண்டு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஒரு கடல்குதிரைக்கும் இரண்டாவது பெயர் ஒன்றே. நெருப்புக்கோழிக்கோ ஒட்டகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் எதைப் பார்த்து வைத்தார்கள்? கழுத்தையா, காலையா, நடையையா? இதைக் கண்டுபிடிக்கத்தான் மனிதர் தலைமுடியில் பாதியைப் பறிகொடுத்திருந்தார்.

பெயருக்கு ஓர் அட்டை. காலையில் உப்பளத்து வரப்பில் நடந்தபடி அவற்றை உரக்கப் படிப்பார். ராத்திரி எனக்குப் படித்துக் காட்டுவார். டீக்கடையில் அவர் தலை தெரிந்தால் பாதிப் பேர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். நின்று கேட்டவள் ஒருத்திதான், உப்பளத்தில் பெண்களை வேலை வாங்கும் அஞ்சலை.

"ஏன் சார், ஒரே பேருன்னா ரெண்டும் பங்காளிங்களா?"

"இல்லம்மா. சொந்தமே கெடையாது."

"அப்ப பேரு வச்சவனுக்கு வேற பேரு கெடைக்கல. இதுக்கா சார் அஞ்சு வருசமா படிக்கிறீங்க?"

சார் அந்தக் கேள்வியையும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாடிப்படியில் அஞ்சலையின் குரல். "ஒட்டக சார்! சீக்கிரம் வாங்க. ஒட்டகம் ஒண்ணு சேத்துல வுழுந்துட்டுது!"

பெரிய முதலியார்சாவடி கடற்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும் ஒட்டகம் அது. அதன் சொந்தக்காரர் காதர் பாய் ஈ.சி.ஆர். வழியாக மகாபலிபுரத்துக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறார். உப்பு வாசனை கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு அளத்துக்குள் ஓடி, வடிகால் சேற்றில் நாலு காலும் புதைந்து உட்கார்ந்துவிட்டது. உடனே ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அஞ்சு வருஷமாக ஒட்டகம் ஒட்டகம் என்று ஒருத்தர் படிக்கிறாரே, அவரைக் கூப்பிடு.

சாரை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பாதி வழியில் என் காதோரம் சொன்னார்: "சார், நான் ஒட்டகத்த போட்டோலதான் பாத்திருக்கேன்."

"யோவ், இப்பவா சொல்றது!"

போய் இறங்கினால் கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. காதர் பாய் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இது எந்திரிக்கலன்னா எங்க வூட்ல அடுப்பெரியாது. காப்பாத்துங்க சார், அல்லாவுக்காக."

வேறு யாராவது இருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நானே சமாளித்திருப்பேன். இவர் கைகூப்பிவிட்டார். "மன்னிச்சிடுங்க பாய். எனக்கு ஒட்டகத்தோட பேரு மட்டுந்தான் தெரியும். ஒட்டகத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"அடப்பாவி!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எனக்கு அவமானமாக இருந்தது.

"சரி வுடுங்க. சேத்தப் பத்தி எங்களுக்குத் தெரியும்" என்றாள் அஞ்சலை. உப்புக் குவியலை மூடும் கீற்றையும் பலகைகளையும் பெண்கள் தூக்கி வந்தார்கள். ஆனால் யார் நெருங்கினாலும் ஒட்டகம் மிரண்டு அலறியது, உதறியது, இன்னும் ஒரு சாண் இறங்கியது. கால்நடை மருத்துவர் அப்போதுதான் கிளியனூர் தாண்டியிருக்கிறாராம், வந்து சேர இன்னும் அரை மணியாவது ஆகும்.

திரும்பிப் பார்க்கிறேன், சார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒட்டகத்தின் தலைக்குப் பக்கத்தில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். படிக்க ஆரம்பித்துவிட்டார்!

"நெருப்புக்கோழின்னு ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு உங்க பேரத்தான் வச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா..."

அந்தக் குரலின் மகிமை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் படுத்ததும் தூங்கியிருக்கிறேன். ஒட்டகம் முதலில் காதைத் திருப்பியது. பிறகு அலறலை நிறுத்தியது. அவர் ஒட்டகச்சிவிங்கியைத் தாண்டிக் கடல்குதிரைக்கு வந்தபோது, அது கழுத்தை அவர் மடியில் சாய்த்திருந்தது. அஞ்சலைக்குப் பிறகு அந்த ஆராய்ச்சியை எழுந்து ஓடாமல் கேட்ட ஒரே ஜீவன். அதற்குள் பெண்கள் சத்தமில்லாமல் கால்களைச் சுற்றிச் சேற்றை வாரி, கீற்றைச் செருகி, பலகையை அடுக்கிவிட்டார்கள்.

"இப்ப இழு பாய்!" என்றாள் அஞ்சலை. பாய் குரல் கொடுத்தார். ஒட்டகம் முன்னும் பின்னும் ஆடி எழுந்து, பலகையில் கால்வைத்து வரப்பேறியது. ஏறியதும் திரும்பி சார் முகத்தில் ஒரு தும்மல் போட்டது. பாய் அழுதார். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

அன்று ராத்திரி சார் புதிதாக ஓர் அட்டை எழுதினார். அதை மட்டும் நானாகக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'ஒட்டகம். நேரில் பார்த்தது. இமைமுடி நீளம். ரொம்பப் பயந்திருந்தது. நானும்.'

இப்போது அவர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறார். போன மாதம் எங்கள் வீட்டு நாய் எதையோ தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்தது. ஊசி போட்ட கால்நடை டாக்டர், இனி விடிந்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கை தானாக ஒட்டக சாருக்குப் போன் போட்டது.

"சார், நாயப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார்.

"அது எனக்கும் தெரியும் சார். நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, போதும்" என்றேன்.

அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார், கையில் ஒரு பெட்டி அட்டைகளோடு.