கட்டிலுக்கு ஒதுங்கிய சுவர்

“எங்கம்மா வூட்டுக் கட்டிலப் பாத்ததும் செவுரே மரியாதையா ஒதுங்கி நின்னுச்சு!”

ரேணுகாம்பாள் இதைக் காபி கொடுத்துவிட்டுச் சொல்வதால், பெருங்களத்தூரில் கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். முகத்துக்கு நேராக மறுத்தவர் ஒருவர்தான், அவளுடைய கணவர் சிட்டிபாபு.

“செவுராவது ஒதுங்குறதாவது! என் தம்பி ஒரு அடி நெலத்த முழுங்கிட்டு ஏப்பம் வுட்டான், அதான் நடந்துது.”

அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை அண்ணன் தம்பி இருவரும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். சுவர் எழும்பிய வாரம் சிட்டிபாபு குடும்பத்தோடு திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், வாசலில் நேராகக் கிளம்பிய சுவர், படுக்கையறையில் தேக்குக் கட்டில் கிடந்த இடத்தில் மட்டும் தம்பி வீட்டுப் பக்கமாக வயிறு தள்ளி, பிறகு மறுபடி உள்ளே வந்து கொல்லைக்குப் போயிருந்தது. அந்தக் கட்டிலோ யானை படுத்துப் புரளலாம் போன்றது. பிரித்தால் மறுபடி பூட்ட முடியாது, நகர்த்தவோ அறையில் இடமில்லை.

வயிறு தள்ளிய இடம்தான் சரியான எல்லை, மற்ற இடத்திலெல்லாம் தம்பி மோகன்ராஜ் உள்ளே வந்துவிட்டான் என்று சிட்டிபாபு மொட்டைத் தலையோடு நின்று தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீடு கிடையாது. அதன்பிறகு தம்பியோடு பேச்சும் கிடையாது. தம்பி மகள் அனுப்பிரியா கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை. சுவரில் காதை வைத்து நாதஸ்வரம் கேட்டார். கெட்டிமேளம் வந்தபோது, யாரும் பார்க்காமல், கையில் கிடைத்த அரிசியைச் சுவரின் மேல் தூவினார்.

இப்போது ரேணுகாம்பாளுக்கு முழங்கால் வலி. கொல்லைக் குளியலறைக்கு அவள் போய்த் திரும்புவதற்குள் ஒரு மின்சார ரயில் செங்கல்பட்டையே பார்த்துவிட்டு வந்துவிடும். படுக்கையறையோடு ஒட்டி ஒரு குளியலறை வேண்டும். அதற்கு அந்த ஒரு அடி வேண்டும்.

“தம்பிகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்.”

“நான் ஏன் கேக்கணும்? கம்ப்யூட்டர் கேக்கும்!”

பள்ளிக்கரணையிலிருந்து மகள் அஞ்சலி லேப்டாப்போடு வந்து இறங்கினாள். வீட்டுப் படம் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை இலவசமாக இறக்கினாள். சிட்டிபாபு கட்டில் மூலையிலிருந்து கோடு இழுக்க ஆரம்பித்தார். இழுத்து முடித்தால், வீடு பிஸ்கட் டப்பா மாதிரி நாலு மூலையோடு நின்றது.

“இது ஆகாதுப்பா. கோணல எல்லாம் தானே நேராக்கிடுது. நம்ம வூடு இதுக்குப் புரியல.”

அடுத்தது, போன் கேமராவைச் சுவரோரமாகக் காட்டிக்கொண்டே நடந்தால் தானே அளக்கும் சாஃப்ட்வேர். ‘அறை இன்னும் முடியவில்லை, தொடர்ந்து நடக்கவும்’ என்று அது சொல்லச் சொல்ல சிட்டிபாபு நடந்தார். கட்டிலைச் சுற்றிச் சுற்றி அவர் நடந்த நடைக்குத் திருநீர்மலைக்கே போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். கடைசியில் தலை சுற்றிக் கட்டிலிலேயே விழுந்தார். படத்தில் அறைக்கு ஒன்பது மூலை வந்தது. ஒன்பதாவது, விழுந்து கிடந்த அவர்.

மூன்றாவதை அஞ்சலி காசு கொடுத்து வாங்கினாள். பட்டாவில் இருந்த மனை அளவைக் கொடுத்ததும் அது நட்டநடுவில் ஒரு பச்சைக் கோடு போட்டது. அஞ்சலி திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, வாசல்ல, கொல்லையில எல்லாம் செவுரு சரியாத்தான் கீது. கட்டில் கிட்ட மட்டும் நாமதான் சித்தப்பா பக்கம் போயிருக்கோம்.”

“கம்ப்யூட்டரும் அவன் கட்சியா?”

“காசு குடுத்து வாங்குனதுப்பா!”

“அவன் கூடக் குடுத்திருப்பான்!”

அன்றே சிட்டிபாபு முடிவெடுத்தார். உலகத்திலேயே நம்பத் தகுந்த சாஃப்ட்வேர் அந்த முதலாவதுதான். கட்டில் மூலையில் ஆரம்பித்த கோட்டை அது வாசல்வரை அம்பு போல இழுத்து, அவர் கேட்ட ஒரு அடியைக் கேள்வி கேட்காமல் கொடுத்திருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெரிய தாளில் அச்செடுத்து, சக்தி மேஸ்திரியின் கையில் கொடுத்தார்.

“சார், அந்தாண்ட வூட்ல சொல்லிட்டீங்களா?”

“என் செவுரு, என் சுத்தி. அடிய்யா!”

“அப்பா, வேணாம்ப்பா,” என்றாள் அஞ்சலி.

கட்டிலைத் தாண்டி, சுவர் மறுபடி உள்ளே வந்த இடத்தில் சக்தி அடித்தார். செங்கல் இரண்டு அந்தப் பக்கமாக விழுந்தது. பிறகு நாலு. ஓர் ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஓட்டை விழுந்து, தூசி அடங்கியபோது, அதற்குள் மோகன்ராஜின் முகம் தெரிந்தது. தலையெல்லாம் சுண்ணாம்பு. இல்லை, நரை.

இவனுக்கு எப்போது நரைத்தது என்று சிட்டிபாபுவுக்குத் தெரியவில்லை.

“கால் பத்திரம்ணா. அங்க செங்கல் கெடக்கு,” என்றான் மோகன்ராஜ்.

சிட்டிபாபு அச்செடுத்த தாளைக் கேடயம் போல முன்னால் நீட்டினார். “ஒரு அடி… கம்ப்யூட்டர்லயே வந்துருச்சு…”

தம்பி பெண்டாட்டி தையல்நாயகி முன்னே வந்தாள். அவளுக்குப் பின்னால், உள்ளே புடைத்திருந்த சுவரின் வயிற்றில் முட்டிக்கொண்டு ஒரு இரும்பு பீரோ நின்றது. கதவு பாதி திறந்திருந்தது.

“இந்த பீரோவ நல்லாப் பாருங்க மாமா. வேற எங்கயும் வெக்க எடமில்ல. வந்த நாளா கதவு பாதிதான் தெறக்குது. அனு கல்யாணப் பொடவையக்கூட உள்ள கைய வுட்டுத் துழாவித்தான் எடுத்தேன்.”

“நீ சும்மா இரு,” என்றான் மோகன்ராஜ்.

“இத்தினி வருசம் சும்மாத்தான இருந்தேன்? மாமா, நீங்க திருப்பதி போயிருந்தப்ப, அப்பத்த மேஸ்திரி நேராக் கோடு போட்டாரு. அது அக்கா கட்டில் மேல போச்சு. ஒரு பக்கம் அறுத்தாத்தான் செவுரு எழும்பும்னாரு. ‘அண்ணி அம்மா வூட்டுக் கட்டிலு, அறுக்காதீங்க, என் பக்கம் தள்ளிக் கட்டுங்க’ன்னு சொன்னது இவருதான். உங்களாண்ட சொன்னா ரோஷத்துல நீங்களே அறுத்துப் போட்டுடுவீங்கன்னு சொல்லவும் வுடல.”

சிட்டிபாபுவின் கையிலிருந்த தாள் செங்கல் தூளில் விழுந்தது. ரேணுகாம்பாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் மெல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“ரேணு,” என்றார், ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ஒதுங்கித்தான்டி நின்னுச்சு.”