கொக்குக்குப் பக்கத்தில் இருக்கும் நீலப் புகை

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. நீங்களும் என் மகளும் நலமென்று நம்புகிறேன். போன வாரம் முதல் உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி, அதாவது உங்கள் அத்தையும் நலமாகத்தான் இருப்பாள். எதற்காகக் கிளம்பி வந்தாள் என்று அவள் வாய் திறந்திருக்க மாட்டாள் என்பதால் நானே எழுதுகிறேன்.

குற்றமெல்லாம் நீங்கள் வாங்கிக் கொடுத்த கேமராவுடையது. ஓய்வு பெற்ற மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்தீர்கள். சூரியன் சாயும் நேரத்தில் ஏரிக்கரைக்குப் போய், அரை நிமிடம் கேமராவின் கண்ணைத் திறந்து வைத்தால் அலையெல்லாம் அடங்கித் தண்ணீர் பால்போல விழும் என்று சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். அசைவது எதுவும் படத்தில் நிற்காது, அசையாதது மட்டும் நிற்கும் என்றீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடையில் காலம் கழித்தவன் நான்; முள் அடங்கும்வரை ஓட்டுநரைத் தும்மக்கூட விட்டதில்லை. ஆனால் ஏரியில் இருக்கும் ஜீவராசிகளுக்கு என் அருமை தெரியவில்லை. வாத்துகள் வெள்ளைக் கோடாக விழுந்தன. சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு சிலையாக இருந்த நீர்க்காகம், நான் பொத்தானை அழுத்தியதும் பறந்தது. ஒருநாள் எல்லாம் கூடிவந்தும், கேமரா நின்ற முக்காலியின் ஒரு கால் சேற்றில் மெல்ல இறங்கி, சூரியன் மேற்கே மறையாமல் வழுக்கி விழுந்ததுபோல ஆயிற்று.

கடைசியில் ஒரு கொக்கு கிடைத்தது. அது ஒற்றைக்காலில் நின்றது. தானும் அந்தப் படத்தில் விழ வேண்டும் என்று உங்கள் அத்தையும் ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு தன்னை ஒரு படம்கூட எடுத்ததில்லை என்றாள், உண்மைதான். ஆசையாக எடுத்து வைத்திருந்த நீலப் புடவையும் புதுச் செருப்புமாக வந்தவளைச் சேற்றில் நிறுத்தி, கொக்கைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று வேறு சொன்னேன். கேமராவின் கண் திறந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேரே என்னிடம் நடந்து வந்து என் கழுத்தில் ஓர் அடி கொடுத்தாள். கொசுவாம். செத்த கொசுவை உள்ளங்கையில் காட்டினாள். நான் கொசுவையா பார்ப்பேன்? லாரி ஓட்டுநர்களைக்கூட அப்படித் திட்டியதில்லை, மாப்பிள்ளை.

படம் என்னவோ அபாரம். தண்ணீர் பால், கொக்கின் இறகுகளை எண்ணலாம், அவள் நின்ற இடத்தில் நீலமாகக் கொஞ்சம் புகை. அத்தோடு விட்டிருக்கலாம். புத்தி கெட்டுப்போய், அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்தார். கொக்கை மெச்சினார். பக்கத்தில் என்ன அழுக்கு என்று கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல, என் சம்சாரம்தான்" என்றேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் சண்டை போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படத்தை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். "சரியாத்தான் சொல்றீங்க. இந்த வீட்டுல நான் அப்படித்தான் இருக்கேன்" என்றாள். மறுநாள் பஸ் ஏறிவிட்டாள். வாய் தவறி வந்த சொல் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். வாய் தவறவில்லை, பழக்கத்தில் வந்தது. அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது.

நிற்க. அவளை அவசரப்படுத்த வேண்டாம். மகள் வீடு, மனம்போல எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், ஏரிக்கும் போகிறேன். நான் ஏங்கிப் போயிருப்பதாக மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: இதை உறையில் போடுவதற்கு முன் ஏரிக்கரைக்குப் போனேன். நான் சௌக்கியமாக இருப்பதற்குச் சாட்சியாக என் படம் ஒன்றையும் வைத்து அனுப்பலாமென்று, கேமராவைத் தானாக எடுக்க வைத்துவிட்டுக் கரையில் போய் நின்றேன். கடுகளவும் அசையவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். படத்தில் சட்டைப் பொத்தான் வரை தெளிவாக விழுந்திருக்கிறது, தலையைத்தான் காணோம். பஸ் வரும் சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் படத்தை மட்டும் அத்தையிடம் காட்டுங்கள்.