மொட்டை மாடியில் தொங்கிய நிலா

கணக்கு தப்பாக வந்தால் மனுஷன் அடங்கிவிடுவான். சரியாக வந்துவிட்டால்தான் ஆபத்து. எனக்கு மிகச் சரியாக வந்தது, அதனால்தான் நாசமாய்ப் போனேன்.

செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் மேகம், மழை, காற்றின் ஈரம் எல்லாவற்றையும் தாண்டி இறங்கும்போது எவ்வளவு தேயும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணித மாதிரி ஒன்றை உருவாக்குவதுதான் என் பிஎச்டி. அளவெடுக்கத் திருத்தணியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டிஷ்ஷை நிறுத்தினேன். அதைத் தூக்கி, போல்ட் போட்டு முடுக்கித் தந்தவர் அக்கா வீட்டுக்காரர், பைக் மெக்கானிக் பாவா. அன்றே நான் சென்னை ஹாஸ்டலுக்கு ரயிலேறிவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து அளவுகள் நெட் வழியாக என் லேப்டாப்புக்கு வர ஆரம்பித்தன.

வந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று. மழையே இல்லாத நாளில் சிக்னல் தொப்பென்று விழுந்தது. பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, மறுபடியும் தொப். பாவாவுக்குப் போன் போட்டேன்.

"பாவா, டிஷ்ஷு ஆடுதா? எதிர்ல ஏதாவது மறைக்குதா?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. நான்தான் தெனம் பாத்துகினு கீறேனே. நீ நிம்மதியா படி."

நிம்மதியாகப் படித்தேன். விழுந்த நாட்களைக் காலண்டரில் வைத்துப் பார்த்தால் எல்லாம் அமாவாசை! எனக்குப் புல்லரித்துப் போயிற்று. (அந்த நேரத்தில் யாராவது என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.) நிலாவின் ஈர்ப்பு, காற்றுமண்டல ஈரம் என்று அள்ளிப் போட்டுச் சமன்பாடு கட்டினேன். அச்சாகப் பொருந்தியது. 'அமாவாசை விளைவு' என்று பெயரும் வைத்தேன். எதிர்காலத்தில் பாடப் புத்தகத்தில் என் படம் எந்தப் பக்கத்தில் வரும் என்பதுவரை யோசித்தாயிற்று. மாடிக்குப் போய் ஒரு முறை பார்க்கலாம் என்பது மட்டும் தோன்றவே இல்லை. ஊருக்கு வந்தாலும் கீழே ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வானத்தை ஆராய்ந்த பிறவி நான்.

கைடுக்குச் சந்தேகம். "பதிவுக்காலம் முடியுதும்மா. வெளித் தேர்வாளர் இந்த அத்தியாயத்தை ஒத்துக்கிட்டா பட்டம். இல்லேன்னா முதல்லேர்ந்து" என்றார். அந்தத் தேர்வாளர், முருகனைப் பார்க்க மலைக்கு வருகிறேன், அப்படியே டிஷ்ஷையும் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். வந்த நாள் அமாவாசை. என் அதிர்ஷ்டம் என்று துள்ளினேன்.

நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். அக்கா காபி கொடுத்தாள். நான் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, "சார், இன்னும் கொஞ்ச நேரத்துல சிக்னல் விழும் பாருங்க" என்றேன். விழவில்லை என்றால் என் படிப்பே போச்சு.

விழுந்தது! கோடு அப்படியே பாதாளத்துக்கு இறங்கியது. நான் கைதட்டியேவிட்டேன். அவர் எழுந்து நின்றார். "அபாரம்மா! ஆன்டெனாவை ஒரு தடவை பார்த்துடலாமா?"

மாடிப்படியில் நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

மேலே பாவா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். டிஷ்ஷின் முகத்துக்கு நேரே, உறியில், குங்குமம் அப்பிய புத்தம்புதுப் பூசணிக்காய் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வற்றிச் சுருங்கிய பழையது அவர் காலடியில் கிடந்தது.

"பாவா... இன்னா இது?" என்றேன்.

"திருஷ்டிக்கு பாப்பா. தெருவே இத்த உத்துப் பாத்துகினு போவுது, சும்மா வுட முடியுமா? சார், வாங்க, ஒத்திக்கங்க."

தேர்வாளர் பழக்கதோஷத்தில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எப்பப்ப மாத்துவீங்க?"

"அமாவாசைக்கு அமாவாசை சார். ஒரு தபா கூட வுட்டதில்ல."

"பழசு?"

"அது பாட்டுக்கு வத்தும் சார். தண்ணிக்காய் தானே."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் மாடல்ல நிலாவோட எடை என்ன போட்டிருக்கே? இது நாலு கிலோ தேறும் போலிருக்கே."

பாவா மட்டும் சிரித்தார். நான் அங்கேயே கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. வெறும் தண்ணீர்க் காய்க்குச் சமன்பாடு எழுதியிருக்கிறேன், அதுவும் துல்லியமாக!

அத்தியாயம் குப்பைக்குப் போனது. பதிவுக்காலமும் முடிந்தது. மறுபடி பதிந்து, வேறொரு மாடியில் மறுபடி அளந்து, பட்டம் வாங்குவதற்குள் எனக்கென்று பேசி வைத்திருந்த வேலையில் வேறொருவர் உட்கார்ந்து பழகிவிட்டார்.

இன்றைக்கும் வீட்டில் யார் போனிலாவது டவர் போனால், "ஏய், அமாவாசையா பாரு" என்று அக்கா ஆரம்பிப்பாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பாவா சொல்வதுதான் தாங்கவில்லை.

"நான் மட்டும் அன்னிக்குக் கட்டாம இருந்திருந்தா, கண்ணு பட்டு உன் சிக்னலு இன்னும் மோசமா பூட்டிருக்கும், தெரியுமா?"

டிஷ்ஷை நிறுத்திய அன்று சாயங்காலமே முதல் காயைக் கட்டிவிட்டாராம். அவர் சொல்வது தப்பு என்று நிரூபிக்க, எங்கள் மாடியில் எடுத்த அளவுகளில் பூசணி இல்லாத ஒரு நாள்கூட என்னிடம் இல்லை.