மாமனாரின் ஐந்தரை வருடத்தை விழுங்கிய மதர்போர்டு

இந்தக் கட்டுரையில் வரும் தேதிகள் எல்லாம் என் டைரியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவை. ஒன்றே ஒன்று மட்டும் தப்பு. அதை நானே அழகாக அச்சடித்து, பூ பார்டர் போட்டு, லேமினேட்டும் செய்தேன்.

தேதி என்பது எனக்கு ஒரு வியாதி. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், மிக்ஸி ஜார் விரிசல் விட்ட நாள், எதிர்வீட்டுக்காரர் எங்களிடம் பேசுவதை நிறுத்திய நாள் எல்லாம் என் டைரியில் உண்டு. (அவர் ஏன் நிறுத்தினார் என்பது இல்லை. அது தேதி அல்லவே.) மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும் குடும்பத்தையே ஒரு எக்செல் அட்டவணையில் ஏற்றினேன். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், வேலையில் சேர்ந்த நாள் என்று வரிசையாக. அதன் பெருமை என்னவென்றால், கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்து, இன்றைய தேதிக்கு யாருக்கு என்ன வயது, எத்தனை வருட சர்வீஸ் என்று அதுவே போட்டுக்கொள்ளும்.

என் மாமனார் தேவசகாயம், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர். 2007 மே 31 அன்று ஓய்வு பெற வேண்டியவர். விழாவில் வாசிக்கும் வாழ்த்து மடலை அச்சிடும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது. அதைக் கொடுக்கும்போது அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மடல்ல என்ன வேணா எழுதுங்க மாப்ள. சிங்கம்னு எழுதினாலும் சரி, சிகரம்னு எழுதினாலும் சரி. சர்வீஸ் கணக்கு மட்டும் சரியா வரட்டும்."

காரணம் இருந்தது. அவர் சேர்ந்தது 1973 ஜூன் 4. முதல் ஐந்தரை வருடம் தற்காலிகம் என்று சொல்லி நிர்வாகம் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் அவர் சர்வீஸ் 1978 நவம்பரில்தான் பிறக்கும். அவரும் ஒவ்வொரு வருடமும் ஒரு கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்களுக்கு ஒரு தனி ஃபைல் போட்டால் அதுவே ஓய்வு பெறும் வயதுக்கு வந்திருக்கும். கடைசி நாளிலாவது மேடையில், மைக்கில், முழுக் கணக்கை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மடலில் அவருடைய பெரிய படத்தைப் பின்னணியில் வைத்ததும் என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு எழுத்து தட்டினால் நான் காபி குடித்துவிட்டு வரலாம். ப்ராசசரை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மே 26, சனிக்கிழமை, எலெக்ட்ரிக் ட்ரெய்ன் பிடித்து, கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். ப்ராசசர் உட்காரும் மதர்போர்டு என்ன மாடல் என்று கடைக்காரர் கேட்டார். நான் கம்பீரமாக, "775" என்றேன்.

"அது சாக்கெட் நம்பர் சார். போர்டு பேரு இன்னா?"

"நம்பர்தான் சொல்லிட்டேனே" என்றேன். எண்கள் பொய் சொல்லாது என்று நம்பியவன் நான். போர்டிலும் 775, ப்ராசசர் டப்பாவிலும் 775. இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும்? (எங்கள் வீடுகளில் ஜாதகம் பார்ப்பதில்லை. அதனால் ஒரு பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம்.)

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, பழைய ப்ராசசரைக் கழற்றிப் பஞ்சு வைத்து மோதிரப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, புதியதைப் பொருத்தினேன். தொட்டிலில் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் நான் செய்த வைத்தியங்களை டைரியில் எண் போட்டு எழுதியிருக்கிறேன். ராம் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்தது நான்கு முறை. கேபிள்களைப் பிடுங்கிச் செருகியது ஏழு முறை. ஆபீஸ் நண்பர் ஒருவர் போர்டில் இருக்கும் நாணயம் மாதிரி பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார். அதையும் மூன்று முறை செய்தேன். என் மனைவி ஸ்டெல்லா ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, "இன்னும் துக்க வீடுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மாலை, விழாவுக்கு முந்தின நாள், ஸ்டேஷன் பக்கத்தில் சர்வீஸ் கடை வைத்திருந்த பாஸ்கரை அழைத்து வந்தேன். அவர் மூடியைத் திறந்து, ஒரு நிமிடம் பார்த்து, சிரித்தார்.

"சாக்கெட் ஒண்ணுதான் சார். ஆனா இந்த போர்டு பழசு. உள்ள ஒரு சின்ன ப்ரோக்ராம் கீது, அதுல எந்தெந்த ப்ராசசர் தெரியும்னு லிஸ்ட் கீது. நீ வாங்கியாந்தது அந்த லிஸ்ட்லயே இல்ல. வூட்டுக்கு வந்தவன் யாருன்னு தெரியாம கதவைத் தொறக்காம ஒக்காந்துகினு கீது."

அந்தப் ப்ரோக்ராமைப் புதுப்பிக்கலாமாம். ஆனால் அதற்குப் பழைய ப்ராசசரைப் போட்டு கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டும், நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். மே மாதத் தாம்பரத்தில் கரண்ட்டை நம்பிக் காரியம் செய்ய அவர் தயாராக இல்லை. மோதிரப் பெட்டியிலிருந்து பழையதை எடுத்து, சூடு கடத்தும் வெள்ளைப் பசை தடவி மாட்டினார். திரை உயிர் பெற்றது. அதில் ஏதோ நான்கு வரி ஆங்கிலத்தில் வந்து நின்றது.

"பேட்டரியைக் கயட்டினியா சார்? டேட்டு போயிருக்கும். மறக்காம செட் பண்ணிக்கோ."

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலையும் டைரியில் எழுதியிருக்கிறேன், வருங்காலச் சந்ததிக்கு உதவட்டும் என்று: "தேதி விஷயத்துல எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் பாஸ்கர்."

அவர் போனார். நான் ஒரு பொத்தானைத் தட்டி அந்த நான்கு வரிகளைத் தாண்டி, மடலில் மூழ்கினேன். எழுத்துப் பிழை பார்த்தேன், ஒற்று பார்த்தேன், கமா பார்த்தேன். சர்வீஸ் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. அது அட்டவணையிலிருந்து தானே வந்து உட்காரும்படி செய்திருந்தேன். என் சூத்திரத்தை நானே சந்தேகப்படுவதா? திரையின் மூலையில் மணி தப்பாக இருந்தது கண்ணில் பட்டது. ஆனால் நான் தேதிக்காரன், மணியைக் கண்டுகொள்வதில்லை. வியாழன் காலை அச்சடித்தேன்.

ஹாலில் நூற்றைம்பது பேர். பள்ளி நிர்வாகத்தின் தாளாளர் மடலை வாங்கி மைக்கில் வாசித்தார். சிங்கம் வந்தது, சிகரம் வந்தது. மாமனார் முதுகை நிமிர்த்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"...இருபத்தெட்டு ஆண்டுகள், ஆறு மாதங்கள், இருபத்தொன்பது நாட்கள் அப்பழுக்கற்ற பணியாற்றி..."

தாளாளர் நிறுத்தினார். அவர் முகத்தில் ஓர் ஒளி. அதே வரியை இன்னொரு முறை வாசித்தார். பிறகு சபையைப் பார்த்து, "நிர்வாகமும் இத்தனை வருஷமா இதையேதான் சொல்லிட்டு வருது. இன்னைக்கு சாரோட மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்துட்டார்" என்றார். கைதட்டினார்கள். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஒவ்வொரு ரோஜாவாக எண்ணுகிறவர் போலக் குனிந்திருந்தார். பிரியாணிக்கும் உட்காரவில்லை. தலைவலி என்று ஸ்டெல்லாவின் அம்மாவோடு ஆட்டோவில் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திறந்தேன். கம்ப்யூட்டரின் கணக்கில் அன்றைக்கு 2002 ஜனவரி 2. பேட்டரியைப் பிடுங்கியதில் அது கம்பெனி வைத்த ஆரம்பத் தேதிக்குப் பின்னோக்கிப் போய், மாமனாரின் சர்வீஸிலிருந்து ஐந்து வருடம், நாலு மாதம், இருபத்தெட்டு நாளைத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. நிர்வாகம் இருபது வருடத்துக்கு மேல் போராடிச் செய்ததை நான் மூன்று பேட்டரி வைத்தியத்தில் முடித்துவிட்டேன்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்று அந்த அட்டவணையை அப்படியே அச்சடித்துக்கொண்டு, ஸ்டெல்லாவோடு பஸ் ஏறி அஸ்தினாபுரத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போனேன். மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. தாளை நீட்டினேன். பேட்டரி, போர்டு, 775 என்று நான் உளறிக்கொண்டிருக்க, அவர் சிவப்புப் பேனாவை எடுத்து விடைத்தாள் திருத்துவது போல வரிவரியாக இறங்கினார். ஒரு வரியில் பேனா நின்றது.

நாங்கள் கல்யாணம் செய்தது 2004 மே மாதம். அந்த வரியில் அட்டவணை போட்டிருந்தது: மணவாழ்க்கை, மைனஸ் 2.4 வருடம்.

"என்ன மாப்ள இது. இதன்படி உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."

"ஆமா மாமா."

"அப்ப எந்த உறவுல என் வீட்டுக்குள்ள வந்து நிக்கிறீங்க?"

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஸ்டெல்லா, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல டைம் இருக்கும்மா. நல்லா யோசிச்சு முடிவு பண்ணு." சொல்லி முடிப்பதற்குள் அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரக்கூட எழுந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளை அட்டையில் என் கையாலேயே புது மடல் எழுதினேன். முப்பத்துமூன்று ஆண்டுகள், பதினோரு மாதங்கள், இருபத்தேழு நாட்கள். விரல் விட்டு எண்ணி, காலண்டரில் சரிபார்த்து, ஸ்டெல்லாவிடம் கையெழுத்தும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் ஆயரே அதைச் சபை முன் மைக்கில் வாசித்தார். தாளாளரும் எங்கள் சபைதான். நான்காவது வரிசையில் உட்கார்ந்து, முழுக் கணக்கையும் கேட்டார்.

அந்தப் புது ப்ராசசர் இன்னும் மோதிரப் பெட்டியில்தான் இருக்கிறது. மடல் மாமனார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பக்கத்தில், அதே அளவு ஃப்ரேமில், சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட அந்த மைனஸ் 2.4.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் திருமண நாளன்று முதல் போன் அஸ்தினாபுரத்திலிருந்து வரும். நான் எடுத்தால் வாழ்த்த மாட்டார். மகளிடம் கொடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, ஒரே கேள்விதான் கேட்பார்.

"என்னம்மா, யோசிச்சு முடிச்சிட்டியா?"

"இன்னும் யோசிச்சிட்டுதான்பா இருக்கேன்" என்பாள் ஸ்டெல்லா, என்னைப் பார்த்துக்கொண்டே.