கட்டுமாவடிக்கு வந்த உட்பிரிவு

உட்பிரிவு போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாத மனுஷி தமிழ்நாட்டிலேயே ஒருத்திதான் இருந்தாள். அவளை என் ஹாஸ்டல் அறையில்தான் கொண்டுவந்து போட்டார்கள். சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுடைய சொந்தப் பெயர் காணாமல் போய், 'உட்பிரிவு' என்பதே நிலைத்துவிட்டது.

"சாப்பாடு எப்டிம்மா இருக்கு?" என்று மெஸ் அக்கா ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"அ, சோறு நல்லாருக்குக்கா. ஆ, சாம்பாரும் நல்லாருக்கு. இ, ஆனா மேற்படி சாம்பார்ல பருப்பு இருந்ததுக்கு ஆதாரம் இல்ல."

அக்கா அதற்குப் பிறகு எங்கள் மேஜைப் பக்கம் கரண்டியோடுதான் வந்தார், கேள்வியோடு வரவில்லை.

மூன்றாம் ஆண்டில் பேராசிரியர் ஓர் அறிவிப்பு வாசித்தார். கட்டுமாவடி என்ற கடலோர ஊரில் சனிக்கிழமைதோறும் இலவசச் சட்ட உதவி முகாம். மாணவர்கள் கோர்ட்டில் வாதாட முடியாது. ஆனால் ஒரு வக்கீலின் மேற்பார்வையில் சட்டம் எடுத்துச் சொல்லலாம், மனு எழுதித் தரலாம். சம்பளம் கிடையாது, மார்க்கும் கிடையாது. "யார் யார் வர்றீங்க?" என்றார். வகுப்பு மொத்தமும் குனிந்து தரையில் எதையோ தேடியது. உட்பிரிவு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். "ரெண்டு பேர்" என்று பேராசிரியர் எழுதிக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை, ஏலம் முடிந்து கழுவிவிட்ட மீன் கொட்டகையில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். எங்களோடு வந்த வக்கீலம்மா இரண்டு டீ குடித்து முடித்தும் ஒரு ஆள்கூட வரவில்லை. கடைசியில் காளிமுத்து என்ற பெரியவர் வந்து, சட்டைக் கையை மடித்து, கையை மேஜைமேல் நீட்டினார்.

"பிரஷர் பாருங்க தாயி."

எங்கள் வெள்ளை உடையைப் பார்த்து மருத்துவ முகாம் என்று நினைத்துவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். உட்பிரிவு சிரிக்கவில்லை.

"அ, நாங்க டாக்டர் இல்லங்கய்யா. ஆ, பாத்தா ஒங்களுக்கு பிரஷர் இருக்குற மாதிரிதான் தெரியுது. இ, யாரு ஏத்தி விட்டா?"

"எங்கண்ணன்தான் தாயி!" என்றார் பெரியவர். பிறகு ஒரு மணி நேரம் அவர் நிறுத்தவில்லை.

விஷயம் இதுதான். அண்ணன் ராக்கப்பன் முன்வீடு, தம்பி பின்வீடு. தம்பியின் ஆடு அண்ணனின் முருங்கையைத் தின்றதில் சண்டை வந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த பாதையை அண்ணன் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. தம்பி வீட்டார் இப்போது கருவேலங்காட்டைச் சுற்றித்தான் தெருவுக்கு வர வேண்டும்.

"மருமக எட்டு மாசங்க. வலி வந்தா அந்தப் பிள்ளைய எப்புடித் தூக்கிட்டுப் போவேன்? ஆட்டோ வராதே."

பாதை உரிமைக்கு ஒரு பக்க மனு போதும் என்றார் வக்கீலம்மா. உட்பிரிவு ஒன்பது பக்கம் எழுதினாள். தமிழில் உயிரெழுத்து பன்னிரண்டுதான், அவளுக்குப் போதவில்லை. 'ஔ'வையும் தாண்டி க, ங, ச என்று போய்க்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் அதைப் படித்த எனக்குத் தலை சுற்றியது.

"கேசுக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் எழுதியிருக்கியேடி. இத அடிச்சிரு."

"அவரு வாயால சொன்னாருல்ல. அப்ப எழுதணும்."

அடுத்த சனிக்கிழமை, வக்கீலம்மா சொல்லி அனுப்பியதன் பேரில் ராக்கப்பன் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தார். தம்பி மேஜையின் மறு கோடியில் இருந்தார். உட்பிரிவு எழுந்து நின்று மனுவை வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில் ராக்கப்பன் கொட்டாவி விட்டார். ஐந்தாம் பக்கத்தில், "இன்னும் எம்புட்டு இருக்கு ஆத்தா?" என்று கேட்டார். அவள் அசரவில்லை. ஆறாம் பக்கத்தில் அது வந்தது.

"உட்பிரிவு 'ச'. மனுதாரருக்குச் சிறு வயது முதலே கடலில் குமட்டல் உண்டு. ஒரே வள்ளத்தில் போன காலத்தில் எதிர்மனுதாரர் தன் மடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்து கொடுப்பார். இப்போது மனுதாரர் தனியாகப் போகிறார்."

கொட்டகையில் வேடிக்கை பார்க்க நின்ற இளவட்டங்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடலோடிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்ற ரகசியம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. காளிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உட்பிரிவின் மேல் கோபம் கோபமாக வந்தது.

ராக்கப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"ஒனக்கு இன்னுமாடா வாந்தி வருது?"

"வருதுண்ணே."

"அப்பறம் எதுக்குடா தனியாப் போற?"

"கூப்புட யாரு இருக்கா?"

ராக்கப்பன் கட்டியிருந்த கையைப் பிரித்து நீட்டினார். "அந்தத் தாளை இங்கிட்டுக் குடு ஆத்தா. எங்க கையெழுத்துப் போடணும்? வேலிய இன்னைக்கே பிரிச்சிடுறேன். ஆனா அவன் ஆடு எம் முருங்கைக்கிட்ட வரப்படாது."

"அதுக்கு மூணு உட்பிரிவு போட்டுருவோம்யா" என்று உற்சாகமாகப் பேனாவைத் திறந்தாள் அவள். வக்கீலம்மா அவசரமாக அதைப் பிடுங்கி, ஒரே வரியில் ஒப்பந்தம் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

அடுத்த மாதம் அந்தப் பாதை வழியாக ஆட்டோ போனது. பெண் குழந்தை. அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் குழந்தையை முதலில் வாங்கியது பெரிய தாத்தாதான் என்று காளிமுத்து பெருமையும் பொறாமையுமாக வந்து சொன்னார்.

படிப்பு முடிந்ததும் உட்பிரிவு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். நான் அறந்தாங்கியில் வக்கீலாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கட்டுமாவடிக்குப் புது மாணவர்களைக் கூட்டிப்போவது இப்போது என் வேலை. கூட்டம் நன்றாகவே வருகிறது. ஆனாலும் யாராவது ஒருவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அந்தப் புள்ள வரலையா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

அடுத்த வாரம் வரும் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லச் சொல்ல, எனக்கே அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது.