சமூகப்பணி படிப்பவரும் இஸ்திரிப் பாக்கியும்

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இஸ்திரி போடும் அம்மாவுக்கு ஒருவர் நாலு மாதக் கூலி பாக்கி வைத்திருந்தார். திருடரில்லை, சோம்பேறியில்லை, ஏழையுமில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறவர்! இந்த இனத்தை நீங்கள் பார்த்ததில்லையா? கவலை வேண்டாம். கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பாருங்கள், தானே தேடி வரும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மூட்டை தூக்கி, லாரி வாங்கி, மூன்று மாடி எழுப்பியவன். வக்கீலும் டாக்டரும் என்னிடம் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள். ஆளை எடை போடுவதில் நான் தவறியதே கிடையாது. மாடியறைக்கு வந்த இந்த ஜீவனுக்குச் 'சமூகம்' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

தோளில் துணிப்பை, கழுத்தில் அட்டை, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தது போல நிரந்தரமாக ஒரு பரிவு. பெற்ற தாய் போன் செய்தால் "பிஸிம்மா" என்று வைத்துவிட்டு, முதியோரின் தனிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். தன் அறைக் குப்பையை அள்ளாது, தெருவைச் சுத்தம் செய்ய ஊர்வலம் போகும். ஏழை என்று சொல்லாது, 'விளிம்புநிலை' என்னும். உதவி என்று சொல்லாது, 'தலையீடு' என்னும். செய்யாது என்பது வேறு விஷயம். கஷ்டம் சொல்லி வருகிறவருக்கு வழி சொல்லக்கூடாதாம். அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்லவேண்டுமாம். கிணறுகூடத்தான் திருப்பிச் சொல்கிறது. அதற்கு யார் பட்டம் கொடுத்தார்கள்?

அன்று சமூகத்துக்கு வாய்மொழித் தேர்வு. ஆய்வுத் தலைப்பு, 'ஏழைப் பெண்கள் ஏன் கடனில் மூழ்குகிறார்கள்?' ஆய்வுக்குப் பிடித்த ஆள், அதே இஸ்திரி அம்மா. போட்டுக்கொண்டு போகவேண்டிய வெள்ளைச் சட்டையும் அவர் மேஜையில்தான் கிடந்தது.

"கரண்ட் பில் கட்டலை தம்பி. வந்து புடுங்கிட்டா என் பொழப்பே போச்சு."

சமூகம் தலையைச் சாய்த்தது. "பொழப்பு போயிடுமோன்னு பயப்படுறீங்க."

"பயம் இல்லப்பா. காசுதான் இல்ல."

"காசு இல்லாதது வருத்தமா இருக்கு உங்களுக்கு."

"நீ குடுத்தா இருக்காது."

"ம்ம்..." என்று குறித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தேன். 'பிறரைச் சார்ந்திருக்கும் மனப்பான்மை.'

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, பாக்கியைக் குடுத்துட்டுப் பேசேன்!"

"சும்மா இருங்க அங்கிள். பணத்தைக் கையில குடுத்தா அவங்க சுயசார்பு கெட்டுடும். எங்க நெறிமுறைக்கே விரோதம்."

நானே பில்லைக் கட்ட எழுந்தேன். அந்த அம்மா விட்டால்தானே! "உக்காருங்க ஐயா. நான் உழைச்ச காசு வெளிய நிக்குது. உங்ககிட்ட எதுக்குக் கடன்படணும்?"

அந்த நேரம் பார்த்து மின்சார ஆபீஸ் ஆள் வந்தார். ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டார். "பக்கத்துத் தெருவுலதான் இருப்பேன். கட்டிட்டுக் கூப்பிடுங்க" என்று நடையைக் கட்டினார். மேஜையில் பார்த்தால், சட்டையின் ஒரு கை கத்தி மாதிரி நிற்கிறது; மீதியெல்லாம் மாடு மென்று துப்பிய மாதிரி.

"ஐயோ அக்கா, என் சட்டை!"

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நிதானமாகத் தலையைச் சாய்த்தார்.

"சட்டை கசங்கிக் கெடக்கேன்னு வருத்தப்படுறீங்க தம்பி."

சுயசார்பு என்ன ஆயிற்று? நெறிமுறை எந்தப் பக்கம் போயிற்று? மூட்டை தூக்கிய காலத்தில் நான்கூட அந்த வேகத்தில் படி ஏறியதில்லை. சமூகத்துக்கு அதன் அப்பா அனுப்பிய பணம் மாடியில் அத்தனை நாளும் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் பாத்திரம் தேய்க்கிறவரிடம், "பிள்ளை நல்லாப் படிக்குதா?" என்று உருகி உருகி விசாரித்துவிட்டு, "சம்பளத்தை அடுத்த வாரம் வாங்கிக்கம்மா" என்று கதவைச் சாத்தினீர்களே, அது எந்தப் பல்கலைக்கழகத்துப் பாடம்?

மூச்சிரைக்க இறங்கி வந்த சமூகம், அந்த அம்மா விரித்த கையில் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தது. பழக்கதோஷம், கேட்டும் தொலைத்தது:

"இப்ப எப்படி உணர்றீங்க அக்கா?"

அந்த அம்மா கையை மடக்கவில்லை.

"இன்னும் ஒரு நூறு கொறையுது."

வைத்தது.